நுழைவுத் தேர்வும் ஏரணமும்

 

நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசத் தமிழாசிரியர் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அத்தேர்வுகளின் ஏரணப் பகுதியில், ஒரு பத்தியைப் படித்து அதில் சொல்லப்பட்டது எது, சொல்லப்படாதது எது என்று பிரித்தறிவதே பெரும்பாலும் வேலை. பாட்டையும் உரையையும் வைத்துக்கொண்டு காலம் கழித்தவர்க்கு அது அயலான வேலை அன்று.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்குரிய கிளாட் தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். நம் திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் வழியாகவே இளநிலை மாணவரைச் சேர்க்கிறது. இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏரணம். 450 சொற்கள் வரையிலான ஆங்கிலப் பத்தியைத் தந்து, அதன்மீதே வினாக்களைத் தொடுக்கிறார்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே இடறுகிறார்கள். மாதிரித் தேர்வில் பாதி விடை தவறியதும், ‘எனக்கு இதற்கேற்ற மூளை இல்லை’ என்று சட்டப் படிப்பையே கைவிடுவோர் உண்டு. அது மூளையின் குறை அன்று. தெரிந்ததையெல்லாம் எழுது என்று பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கினோம். இத்தேர்வோ, உனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, இங்கே உள்ளதிலிருந்து மட்டும் பேசு என்கிறது.

ஒரு சான்று காண்போம். ‘நகர நூலகத்திற்கு வருவோர் தொகை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே, நகர மக்களிடம் வாசிப்புப் பழக்கம் தேய்ந்துவிட்டது.’ இவ்வாதம் வெளிப்படச் சொல்லாமல் நம்பியிருக்கும் கருத்து யாது? விடைகள் நான்கு: (அ) வாசிப்பு நல்ல பழக்கம். (ஆ) நூலகத்தில் போதிய நூல்கள் இல்லை. (இ) நூலகத்திற்கு வருவதை நிறுத்தியோர் வேறு வழிகளில் முன்போல் வாசித்து வரவில்லை. (ஈ) வாசிப்பு தேய்ந்ததற்குக் கைப்பேசியே காரணம்.

பலர் நான்காவதைத் தேர்வர். வீட்டில் நாம் நாள்தோறும் சொல்வதும் அதுதானே! ஆனால், கைப்பேசி காரணம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் முடிபு அசையாமல் நிற்கிறது. மூன்றாவதை மறுத்துப் பாருங்கள். அவர்கள் வேறு வழிகளில் முன்போலவே வாசித்து வருகிறார்கள் என்றால், முடிபுக்குச் சொன்ன காரணம் அதைத் தாங்காது. எதை மறுத்தால் வாதம் சரிகிறதோ, அதுவே வாதம் ஊன்றி நின்ற கால். இந்த ஒரு சோதனையைக் கைவரப் பெற்ற மாணவர்க்கு இப்பகுதியின் அச்சம் பாதி நீங்கிவிடும்.

ஆங்கிலத்தின் ‘இஃப்’ என்பதற்கும் ‘ஒன்லி இஃப்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டிலும் பலர் மயங்குகின்றனர். நம் பிரிநிலை ஏகாரத்தை நினைவு கூர்ந்தால் போதும். ‘சீட்டு உடையோரே உள்ளே செல்லலாம்’ என்பது சீட்டு இல்லாதவரை விலக்குகிறது; சீட்டு உடையோர் அனைவரும் செல்லலாம் என்று அது சொல்லவில்லை. இலக்கணப் பாடத்தை மதிப்பெண்ணோடு மறந்துவிடுகிறோம் என்பது என் பழைய வருத்தம்.

நம் நீலகேசியைப் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. அந்நூலில் எதிர்வாதியின் கொள்கை முதலில் எடுத்துரைக்கப்படுகிறது. மறுப்பு அதன் பின்னரே எழுகிறது. பிறர் கூற்றை அவர் கூறியபடியே ஏற்று நிறுத்தும் பொறுமை அது. பத்தியில் ‘ஆகவே’ வரும் இடத்தைக் கண்டு கோடிடுக. அதற்குக் காட்டிய காரணத்தைக் கண்டறிக. இரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நோக்குக. விடைகளைப் படிப்பது அதற்குப் பின்னரே.

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பதால், ஐயமிருந்தால் தொடாதே என்று பிள்ளைகளை அச்சுறுத்துகிறோம். கணக்கு வேறு சொல்கிறது. நான்கில் இரண்டை உறுதியாக விலக்கிவிட்டால், எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பதால் சராசரியாக 0.375 மதிப்பெண் வரவேயன்றி இழப்பில்லை. அதற்காக, இரண்டை விலக்க முடியாத வினாவில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பதும் தகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதத்திலேயே கடிகாரத்தைப் பிள்ளையின் எதிரில் வைக்காதீர்கள். பயிற்சி நிலையங்கள் சில விரைவையே பாடமாக நடத்துகின்றன; எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளிதழின் தலையங்கம் ஒன்றை முதலில் தமிழில், பின் ஆங்கிலத்தில் எடுத்து, முடிபு எது, காரணம் எது என்று வீட்டிலேயே பேசுங்கள். பிள்ளை சொல்லும் விடை தவறானால், ஏன் அதைத் தேர்ந்தாய் என்று மட்டும் கேளுங்கள். விரைவு பிறகு வரும்.

ஒரு வினாவைத் தந்து அமர்கிறேன். ‘இன்று முன்னதாக வந்தோர் அனைவர்க்கும் முன்வரிசையில் இடம் கிடைத்தது. இச்சிறுவன் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். ஆகவே, இவன் முன்னதாக வந்தவன்.’ இம்முடிபு சரிதானா? மாணவர்கள் எழுந்து விடை கூறலாம். பெற்றோர் அருள்கூர்ந்து முந்திக்கொள்ள வேண்டா.