இடப்பக்கத்து ட்வீட்டர்

இந்த மாதம் ஆளுக்கொரு வீட்டுப் பொருளோடு வந்து பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர் பாட்டியின் பாக்குவெட்டியைக் காட்டினார். என்னிடம் இருப்பது அவ்வளவு அழகான பொருள் இல்லை. ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி. மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவில் கறுப்பாக உப்பியிருக்கிறதே, அதுதான் ட்வீட்டர்.

ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு பக்கம் உண்டு. மணி போன்ற பக்கம் தாழ்ந்த ஒலிக்கு, சவ்வு உள்ள தட்டைப் பக்கம் உயர்ந்த ஒலிக்கு. ஸ்பீக்கரிலும் அப்படித்தான், பெரிய கூம்பு கீழ் ஒலியையும் இந்தச் சின்னது மேல் ஒலியையும் பார்த்துக்கொள்கின்றன. வயதானவர்களுக்கு முதலில் குறைவதும் மேல் ஒலிகள்தான். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு விளங்கல" என்று வார்டில் சொல்வார்கள். ட்வீட்டர் செத்த ஸ்பீக்கரும் அதே கதைதான்.

இதில் நான் கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேசட். 1989இல் அம்மா வீட்டில் பேசிப் பதிந்து, சவூதியில் இருந்த அப்பாவுக்கு அனுப்பியது. அம்மா இப்போது இல்லை.

விருந்துக்கு வந்த வீட்டுக் குழந்தை, மூன்று வயது, அந்த உப்பலை விரலால் அமுக்கிவிட்டது. குழந்தையைக் குறை சொல்ல முடியாது. பார்த்தாலே அமுக்கத் தோன்றும். என்னுடையது துணியாலான உப்பல் என்பதால் வெளியே வந்துவிடும் என்று தைரியம். உலோகமாக இருந்தால் சுருக்கம் அநேகமாகப் போகாது. முதலில் செலோடேப்பை ஒட்டி இழுத்தேன், வரவில்லை. வேக்குவம் கிளீனர் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். பாதி எழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஊசி முனையை வளைத்து, ஓரத்தில் குத்தி இழுத்தேன். நரம்பு தேடிக் குத்திப் பழகிய கை என்ற திமிர்தான். உப்பல் எழுந்தது, சத்தம் நின்றுபோனது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எட்டு ஓம் என்று எழுதிய ட்வீட்டர் ஆறு ஓம் அளவில் காட்ட வேண்டும். எனக்கு ஒன்றுமே காட்டவில்லை. சுருளிலிருந்து வெளியே வரும் கம்பியை, முடிபோல மெல்லியது, அறுத்திருக்கிறேன்.

"வலது ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு, கேசட்டும் மோனோதானே" என்றார் கணவர். நியாயமான கேள்வி. ஆனால் உடைத்தது நானாயிற்றே.

திருகுகளைக் கழற்றினால் உப்பலும் சுருளும் ஒன்றாகக் கையில் வரும். காந்தத்தின் இடுக்கில் இரும்புத்தூள் விழாமலிருக்க மைக்ரோபோர் டேப்பால் மூடினேன். வீட்டில் எது குறைந்தாலும் அது குறையாது. வேலை செய்யாத இயர்போன் ஒன்றை அறுத்து, உள்ளேயிருந்து ஓர் இழை எடுத்தேன். அசைந்து அசைந்தும் அறாத கம்பி அதுதான். அறுந்த முனையில் பூச்சைச் சுரண்டி, கடுகளவு ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. மேலே நகப்பூச்சு ஒரு தீற்றல். ஊசி போட்ட ஓட்டைக்கு டிஷ்யூ தாளில் ஒரே ஒரு ஏட்டைப் பிரித்து, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி ஒட்டினேன். உப்பலும் சுருளும் சேர்ந்தே ஒரு கிராம்கூட வராது. பசை ஒரு சொட்டு கூடினாலும் ஒலி மந்தமாகிவிடும்.

மறுநாள் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுத்தேன். 'டிக்.' அந்த நேரத்தில் நான் சொன்ன ஸ்தோத்திரம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

கேசட்டைப் போட்டதும் முதலில் வந்தது அம்மாவின் குரல் இல்லை, நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். அதுவும் மேல் ஒலிதானே. அப்புறம் அம்மா, "சாப்பிட்டீங்களா." 'ச' முழுசாக விழுந்தது. இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க, பேலன்ஸ் குமிழைத் திருப்பித் திருப்பி அந்த அரை நிமிடத்தை இருபது தடவையாவது ஓட்டியிருப்பேன். இடது கொஞ்சம் மங்கல்தான், அதைச் சொல்லியாக வேண்டும். பத்தாவது தடவையோ என்னவோ, பேச்சுக்குப் பின்னால் 'கிணுங் கிணுங்' என்று ஒன்று கேட்டது. டம்ளரில் கரண்டி. அம்மா பேசிக்கொண்டே டீ கலக்குகிறாள். இத்தனை வருஷமாகப் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

உடனே ஊருக்கு அப்பாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு எண்பதை நெருங்குகிறது.

"ஒண்ணும் கேக்கலியே மக்ளே."

"அம்மா டீ கலக்குற சத்தம்ப்பா. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டதுக்கு அப்புறம்."

"ஓ, அதுவா" என்றார். "அது எங்க வரும்னு எனக்குத் தெரியுமே. ரூம்ல அந்த எடம் வரும்போதுதான் நானும் டீய எடுத்துக் குடிப்பேன்."