ஜூலை 14க்கு நமக்கும் ஒரு மேசை



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடை என்றதும் தமிழின் தொன்மை பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று பேச வந்தது பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 பற்றி. இன்னும் நாலு கிழமையில் வரப்போகிறது. அன்று இந்த ஊர்ப் பூங்காவில், மெறி என்று நாம் சொல்லும் நகரசபைக்காரர் நீள மேசைகள் போடுகிறார்கள். அக்கம்பக்கத்துச் சனம் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பகிர்ந்து சாப்பிடுகிறது. இத்தனை வருடமாக இங்கே குடியிருக்கும் நமக்கு அந்த மேசைகளில் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். நாம் பாண் என்கிறோம். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் விட்டுப்போன சொல் அது. பிரெஞ்சுக்காரர் தங்கள் ரொட்டிக்குச் சொல்லும் சொல்லும் அதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். யாழ்ப்பாணத்துப் பேக்கரிப் பாணும் இங்குள்ள பகெத்தும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இந்த நாட்டின் தேசிய நாளுக்குள் போக அந்தப் பாண்தான் எனக்கு வாசல்.

1788 ஜூலை 13 அன்று பாரிசைச் சுற்றியிருந்த வயல்களில் பெரும் ஆலங்கட்டி மழை கொட்டியது. விளைந்து நின்ற கோதுமை மண்ணோடு மண்ணாய்ப் போனது. பின்னால் வந்த குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்தன. தண்ணீரால் ஓடிய மா ஆலைகள் நின்றன. 1789இல் 4 பவுண்டு ரொட்டியின் விலை, சூ என்ற அன்றைய காசில், 14½க்கு ஏறியது. கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 20 முதல் 30 சூ. வீட்டில் ஐந்து வயிறு இருந்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆலங்கட்டி மழைக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்துத்தான் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்தது. அமைச்சர் நெக்கரை மன்னர் நீக்கியதும், நகரைச் சுற்றிப் படை குவிந்ததும் உடனடிக் காரணங்கள். மக்கள் அங்கே போனது வெடிமருந்து எடுக்க. உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். ஆனால் போனவர்கள் பசியோடு போனார்கள் என்பதை நான் மறப்பதில்லை. நாலு வருடம் கழித்து, 1793 நவம்பரில், பணக்காரருக்கு வெள்ளை ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்ற பேதம் கூடாது, எல்லோருக்கும் ஒரே ரொட்டிதான் சுட வேண்டும் என்று புரட்சி ஆட்சியினர் உத்தரவே போட்டார்கள். சமத்துவ ரொட்டி என்று அதற்குப் பெயர்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 1789 சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வருடம். 1790 ஜூலை 14 அன்று ஷாம் தெ மார்ஸ் திடலில், இன்று ஐஃபல் கோபுரத்துக்கு முன்னால் நாம் படம் எடுக்கும் அதே வெளியில், நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள் ஒன்றாகச் சத்தியம் செய்யும் விழா ஏற்பாடானது. சுற்றிலும் மண்மேடு எழுப்ப வேண்டும். நாள் நெருங்கியும் வேலை முடியவில்லை. அப்போது பாரிஸ் நகரமே தள்ளுவண்டியும் மண்வெட்டியுமாக வந்து இறங்கியது. சீமாட்டிகளும் மீன் விற்கிற பெண்களும் பாதிரிமாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் சுமந்தார்கள். நம் ஊரில் குளக்கட்டு உடைந்தால் சிரமதானம் என்று ஊர் திரளுமே, அதேதான். விழா நாளில் மழை ஊற்றியது. நனைந்தபடியே ஆடினார்கள்.

1880 ஜூலை 6இல், நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ரஸ்பாய் கொண்டுவந்த பிரேரணை சட்டமாகி ஜூலை 14 தேசிய விழா ஆனது. 1789ஆ 1790ஆ என்று சட்டம் சொல்லவில்லை. தேதியை மட்டும் சொல்லி விட்டுவிட்டது. கோட்டையை உடைத்ததை நினைப்பவர் அதை நினைக்கலாம், சேர்ந்து மண் சுமந்ததை நினைப்பவர் இதை நினைக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

பிறகு சாப்பாடு. ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு சாப்பாட்டுப் பிரியரான மக்கள் தங்கள் தேசிய நாளுக்கென்று ஒரு பலகாரம் வைத்துக்கொள்ளவில்லை. தைப்பொங்கலுக்குப் புக்கை மாதிரி ஒன்று கிடையாது. முள்ளங்கியை வெண்ணெயிலும் உப்பிலும் தொட்டுக் கடிப்பார்கள். உலர்ந்த சொசிசோன் துண்டுகள், கமம்பேர் சீஸ், வெட்டின மெலன், லொரேன் பக்கத்துக் கீஷ், லெபனானில் இருந்து வந்த தபூலே, நெருப்பில் சுட்ட மெர்கேஸ் சொசேஜ் என்று மேசை நிறையும். அந்த மெர்கேஸ் வட ஆபிரிக்கச் சாப்பாடு. அங்கிருந்து வந்த மக்களோடு கடல் கடந்து வந்தது. இன்று அதன் புகை இல்லாத ஜூலை 14 கொண்டாட்டத்தைக் காண்பது அரிது. யாரும் அதற்கு அழைப்பிதழ் அனுப்பவில்லை. கொண்டுவந்து வைத்தார்கள், சனம் சாப்பிட்டது, அது இந்த நாட்டுச் சாப்பாடானது.

என் முதல் மெர்கேஸ் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1987. ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. கையில் நிரந்தர விசா இல்லை. ஜூலை 13 இரவு வேலை முடிந்ததும், கூட வேலை செய்த அல்ஜீரிய நண்பர் தீயணைப்புப் படையினரின் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜூலை 13, 14 இரவுகளில் அவர்கள் தங்கள் முற்றத்தைத் திறந்துவிட்டு ஊரோடு ஆடுவார்கள். 1937இல் பாரிசின் மொன்மார்த்ரில் தொடங்கிய வழக்கம் அது. வாசலில் சீருடை கண்டதும் என் கால் நின்றுவிட்டது. சீருடையைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடிப் பழகிய கால் அது. உள்ளே அக்கோர்டியன் வாசிக்கிறார்கள், தாள் விளக்குகள் தொங்குகின்றன, சீருடைக்காரர் ஒருவர் ஒரு கிழவியின் கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றி ஆடுகிறார். நண்பர் பகெத்தைப் பிளந்து மெர்கேஸ் வைத்துத் தந்தார். மாடா என்று கேட்டேன். ஆட்டிறைச்சி, பயப்படாமல் சாப்பிடு என்றார். நாடு விட்டு வந்தபிறகு நான் அச்சமில்லாமல் நின்று சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

ஜூலை 14 காலையில் நடக்கும் படை அணிவகுப்பைப் பார்க்க மனம் வரவில்லை என்று நம்மில் பலர் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஷான்செலிசேயில் ராணுவ வண்டிகள் உருளும்போது நானும் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவேன். அது ஒரு காலைப்பொழுதோடு முடிகிறது. மிச்ச நாள் முழுக்க ஊர்களுக்கும் வீதிகளுக்கும் சொந்தம்.

இங்கே இருக்கும் புதுச்சேரி அண்ணாமாருக்கு இதெல்லாம் புதிதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அவர்கள் ஊரில் ஜூலை 13 மாலை விளக்கேந்தி ஊர்வலம் போவதும், கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்த பழைய சொல்தாக்கள் பதக்கம் அணிந்து நிற்பதும் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. இந்த விடயத்தில் அவர்கள்தான் நமக்கு மூத்தவர்கள். மேசை ஏற்பாட்டுக்கு அவர்களே தலைமை தாங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பாரிஸ் லாஷப்பல் பகுதியின் மாணிக்க விநாயகர் தேருக்கு ஒவ்வொரு கோடை முடிவிலும் எத்தனை பிரெஞ்சுக்காரர் வருகிறார்கள்! தேங்காய் உடைவதைப் பார்க்கிறார்கள், மோர் வாங்கிக் குடிக்கிறார்கள், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வடம் பிடிக்கக் கேட்கிறார்கள். நம்முடைய இந்தச் சங்கம்கூட 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. அந்தச் சட்டம் இருப்பதால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் சங்கம் அமைத்து இன்று கூடியிருக்கிறோம். பிரெஞ்சுக்காரர் வாசலுக்கு நாமும் ஒருநாள் கைநிறையப் போக வேண்டாமா?

என்ன கொண்டு போவது என்பதற்கு நாட்காட்டியே பதில் வைத்திருக்கிறது. ஜூலை 16 அல்லது 17 ஆடிப்பிறப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாட்டாக்கித் தந்த அதே கூழும் கொழுக்கட்டையும். இரண்டு மூன்று நாள் முன்கூட்டிக் காய்ச்சினால் ஆடி கோபிக்காது. அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி எல்லாம் லாஷப்பலில் கிடைக்கும். பிலாவிலைக்குப் பதிலாகத் தாள் கோப்பை.

நகரசபையில் மேசைக்கு எழுதிக் கொடுக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கடிதத்தில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் அவரைப் பாருங்கள். கூழுக்கு மூன்று பெரிய பானை வேண்டும். கொழுக்கட்டை பிடிக்கப் பிள்ளைகள் முதல்நாள் மாலையே வர வேண்டும். தேங்காய்ச் சம்பல் நான் அரைத்து வருகிறேன், உறைப்பைக் குறைத்து. பகெத் பொறுப்பை இளம் பெடியள் எடுங்கள்: விடுமுறை நாளில் ரொட்டிக்கடை நேரத்தோடு பூட்டிவிடும், காலை 9 மணிக்கே போய் வரிசையில் நில்லுங்கள்.