உடம்பு பிடிப்பது இழிவா?

உடம்பு பிடித்துவிடும் தொழிலைக் கற்கலாமா என்று ஒரு வாலிபத் தோழர் நம்மைக் கேட்கிறார். "அது நாவிதர் வேலையல்லவா?" என்று உறவினர் தடுக்கிறார்களாம். நோவெடுத்த காலை நீட்டுகிறவனுக்கு இல்லாத இழிவு, பிடித்து நோவைத் தணிக்கிறவனுக்கு மாத்திரம் எப்படி வந்தது என்று கேட்கிறோம்.

இலண்டனிலும் ஒரு காலத்தில் இத்தொழிலுக்குக் கெட்ட பெயர்தான். 1894-ல் நான்கு தாதிகள் சங்கம் அமைத்து, படிப்பும் பரீட்சையும் வகுத்தார்கள். 1920-ல் அரச சாசனமே கிடைத்தது. இன்று அது பிசியோதெரபிக்காரர்களின் பெரிய சங்கம். பெயரை மாற்றியது பிறப்பல்ல, படிப்பே!

ஆகவே வெட்கம் வேண்டாம். அறியாமல் கை வைப்பதும் வேண்டாம். இரத்தம் உறைந்து வீங்கிய காலை அழுத்தினால், கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே வாங்கிவிடலாம். முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு கூலியைத் தலை நிமிர்ந்து கேளுங்கள்.