கர்ப்பஸ்திரீகளும் ஸ்கேனும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆண்பிள்ளைகள் பேசத் தகாதது என்று சிலர் நினைக்கலாம். பிள்ளை வேண்டும் என்பதில் பங்கு உண்டு, அதைப்பற்றித் தெரிந்துகொள்வதில் மாத்திரம் பங்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்? நான் டாக்டர் அல்ல. படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்லுகிறேன். அதையும் அப்படியே நம்பிவிடாமல் டாக்டரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் என்றவுடன், "வயிற்றுப் பிள்ளைக்குச் சூடு பட்டுவிடும்" என்று பாட்டிமார் தடுக்கிறார்கள். இது எக்ஸ்ரே அல்ல, வெறும் ஒலியேயாகும். நம் காது கேட்பது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரைதான். இந்த ஒலிக்கோ 20 லட்சத்துக்கும் மேல். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் திரும்பி வருவதுபோல் அது சிசுவின்மேல் பட்டுத் திரும்ப, யந்திரம் அதைப் படமாக்கிக் காட்டுகிறது. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டும் அவர் கூட்டாளிகளும் 1958-ல் இதைப்பற்றி எழுதி வெளியிட்டார்கள்.

அங்கே நடப்பது என்ன? படுக்கச் சொல்லுவார்கள்; வயிற்றில் குளிர்ந்த பசை தடவி, கையடக்கமான கருவி ஒன்றை அழுத்தி நகர்த்துவார்கள். ஊசியில்லை, கத்தியில்லை. ஆரம்ப மாதங்களானால் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கி வரச் சொல்லுவதுண்டு. டாக்டர் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், அவர் அளவெடுத்துக்கொண்டிருப்பார்.

11 முதல் 14 வாரத்துக்குள் பார்ப்பதில் சிசு ஒன்றா இரண்டா, இருதயம் துடிக்கிறதா, பிரசவம் எப்போது என்பவை தெரியும். 18 முதல் 22 வாரத்துக்குள் பார்ப்பதில் தலை, முதுகெலும்பு, இருதயம், சிறுநீரகம், கைகால், பனிக்குட நீர், நஞ்சு இருக்குமிடம் எல்லாம் பார்க்கிறார்கள். நஞ்சு கீழே இருந்தால் பெரும்பாலும் பின்னால் மேலேறிவிடும். ஏறாமல் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ, பிரசவத்தில் ரத்தம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்து. முன்னமே தெரிந்தால் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து இருவரையும் காப்பாற்றலாம். இதை எந்தக் குறிகாரன் சொல்லுவான்?

ஆனால் ஸ்கேனையும் குறியாக்கிவிடாதீர்கள். எல்லாக் குறைகளும் அதில் தெரிவதில்லை. மறுபடி வரச் சொன்னால், சிசு திரும்பிப் படுத்திருந்தது என்பதே காரணமாயிருக்கலாம். உதடு பிளந்திருப்பது தெரிந்தாலும், "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்று அந்தப் பெண்ணை வதைக்காதீர்கள். கிரகணம் நிழல், நிழல் உதட்டை வெட்டாது. பிறந்த பின் டாக்டர் தைத்துச் சரிசெய்வார்.

கடைசியாக ஒன்று. அந்த அறையில் கால் வைத்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பதுதான். சிசுவின் சுகத்தைக் கேட்பாரில்லை! இவ்வளவு அருமையான யந்திரத்தைப் பெண்ணைக் கருவிலேயே அழிக்கும் ஆயுதமாக்கினோம். 1991-ல் இந்தியாவில் 6 வயதுவரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள். 2011-ல் 920-க்கும் கீழே போய்விட்டது. ஆகவேதான் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி, சொல்லுகிறவருக்கும் சொல்லச் செய்கிறவருக்கும் 3 வருஷம் வரை சிறை உண்டு. பெண்ணாய்ப் பிறந்ததற்கு மருமகளைத் திட்டுகிறீர்களே, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது ஆணின் வித்தேயாகும். திட்டித்தான் ஆக வேண்டுமானால் உங்கள் மகனைத் திட்டுங்கள்!

ஆகையால் தோழர்களே, அடுத்தமுறை மனைவியைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள். "அவள் சுகமா, குழந்தை சுகமா, நாங்கள் செய்யவேண்டியது என்ன?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கு மேல் அங்கே கேட்க வேண்டியது வேறொன்றும் இல்லை.