அன்றாடப் பணியில் அக அமைதி

(அலுவலர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டுதோறும் ஜனவரி 30ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு, நாட்டு விடுதலைக்காக உயிர் நீத்தோரின் நினைவாக, இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்படுகிறது. சங்கு ஒலிக்கும் ஊர்களில் சங்கொலி கேட்டும், அவ்வசதி இல்லாத இடங்களில் கடிகாரத்தைப் பார்த்தும் அலுவலர்கள் எழுந்து நிற்கின்றனர். எழுதிய கை நிற்கிறது. பேசிய வாய் மூடுகிறது. அப்போதுதான் மின்விசிறி சுழலும் ஓசையும், தாழ்வாரத்தில் மனுவுடன் காத்திருக்கும் முதியவர் ஒருவரின் இருமலும் செவியில் விழுகின்றன. அவ்வொலிகள் அன்று புதியனவாகத் தோன்றியவை அல்ல. நாள்தோறும் இருந்தும் கேளாதிருந்தவை அவை.

மௌனத்தால் விளையும் பயன் யாது என வினவுவோர்க்கு இதனினும் எளிய விடை கிடைப்பது அரிது. அகம் அமைதியுற்றால் புறத்தே இருப்பது கேட்கிறது. ஆண்டில் ஒரு நாள், இரண்டு நிமிடம் கிட்டும் இவ்வனுபவத்தை ஏனைய நாட்களிலும் பழக்கமாக்கிக் கொள்வது இயலுமா, அதனால் பொதுப்பணிக்கு விளையும் நன்மை யாது என்பனவே இங்கு ஆராயத்தக்கவை.

அருகிவிட்ட ஒரு வளம்

கிடைப்பதற்கு அரிதானதைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை ஆராய்வது பொருளாதாரம் என்பர். நிலம், உழைப்பு, மூலதனம் ஆகியவை அரியன என்பதை எவரும் ஒப்புவர். மனிதனின் கவனமும் அத்தகைய அரிய வளமே என்பதை ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். 1947இல் வெளியான நூலொன்றில் நிருவாகத்தில் முடிவுகள் எடுக்கப்படும் முறையை ஆராய்ந்த இவர், பின்னர் 1978இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். செய்திகள் பெருகப் பெருக, அவற்றை நுகரும் கவனம் குறைந்துகொண்டே போகும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வுண்மையை இன்றைய அலுவலகம் நாள்தோறும் மெய்ப்பிக்கிறது. மேசையின் மீது கோப்புகள் இருக்கின்றன. கணினித் திரையில் மின்னஞ்சல்கள் காத்திருக்கின்றன. செல்பேசியில் செய்திகள் இடைவிடாது வந்து சேர்கின்றன. மாணவனின் நிலையும் இதுவே. ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மூன்று முறை வேறிடம் சென்று மீள்கிறது அவன் மனம். நேரம் போதவில்லை என்று இருவரும் குறைப்பட்டுக் கொள்கின்றனர். உள்ளபடியே குறைந்திருப்பது நேரத்தைவிடக் கவனமே எனலாம். சிதறிய கவனத்துடன் படிக்கப்பட்ட கோப்பு மறுபடியும் படிக்கப்பட வேண்டியதாகிறது. சினத்துடன் எழுதப்பட்ட குறிப்பு மேலும் பத்துக் குறிப்புகளை ஈன்றெடுக்கிறது.

திங்கட்கிழமை மௌனம்

அக அமைதி என்றதும் காடும் மலைக்குகையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்நாட்டு மரபில் அது துறவியருக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. திருச்சிராப்பள்ளியில் நாயக்க மன்னரின் அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே தாயுமானவர் மௌன குருவைக் கண்டார் என்பது மரபுவழி வரலாறு. அண்மைக் காலத்தில் இதற்குத் தலைசிறந்த சான்றாக விளங்குபவர் காந்தியடிகள்.

அவர் திங்கட்கிழமைகளில் பேசுவதில்லை. பல்லாண்டுகள் இந்நெறியைக் கடைப்பிடித்தார். அது ஓய்வு நாள் அன்று. கடிதங்கள் எழுதுவதும், இதழ்களுக்குக் கட்டுரை எழுதுவதும், வந்தவர்களுக்குத் துண்டுச் சீட்டில் விடை தருவதும் அன்றும் நடந்தன. அவர் எழுதியவையும் பேசியவையும் மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவினால் 1958 முதல் 1994 வரை ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வெளியிடப்பட்டன என்பதை நினைத்தால், வாரத்தில் ஒரு நாள் வாய் மூடியிருந்தமையால் பணி குறைந்தது என எவரும் கூற இயலாது. இளமையில் தம்மை வருத்திய கூச்சமே பின்னாளில் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்பித்தது எனத் தம் 'சத்திய சோதனை'யில் அவர் குறிப்பிடுகிறார்.

இப்பழக்கம் கடுஞ்சோதனைக்கு உள்ளான நாள் 1947 ஜூன் 2. அன்று திங்கட்கிழமை. நாட்டுப் பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்களிடம் அளித்த வைசிராய் மவுண்ட்பேட்டன், நண்பகலில் காந்தியடிகளைச் சந்தித்தார். பிரிவினையை மனமார எதிர்த்தவர் அவர். என்ன சொல்வாரோ என்று வைசிராய் கவலையுடன் காத்திருந்தார். காந்தியடிகளோ வாய் திறவாமல், பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியே தம் விடையைத் தந்தார். மௌன நெறியை மேற்கொண்டபோதே இரண்டு விலக்குகளைத் தாம் வகுத்துக் கொண்டதாகவும் அதில் தெரிவித்திருந்தார். அவசரப் பொருள் குறித்து உயர் பொறுப்பில் இருப்போரிடம் பேசுவது ஒன்று. நோயுற்றோரைக் கவனிப்பது மற்றொன்று.

அத்தகைய நாளில் அவர் பேசியிருக்க வேண்டாமா என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் வரலாற்று மாணவர்க்கு உரியது. பழக்கத்தைப் பற்றிச் சிந்திப்போர் கருத வேண்டியது அந்த விலக்குகளையே. நெறியைத் தளர்த்த வேண்டிய இடம் எது என்பது அமைதியான நேரத்தில் முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. நெருக்கடி வந்தபோது புதிதாகச் சாக்குத் தேட வேண்டிய தேவை எழவில்லை. இன்னலுற்ற மனிதருக்காக மௌனத்தைக் கலைக்கலாம் என்பதே இரண்டாவது விலக்கின் பொருள் என்பதும் நோக்கத்தக்கது. மனிதரை மறந்து காக்கப்படும் அமைதியை அவர் அமைதியாகக் கொள்ளவில்லை.

பழக்கம் வேரூன்றும் வகை

நற்பழக்கம் மன உறுதியால் மட்டும் நிலைப்பதில்லை. குறித்த இடமும் குறித்த வேளையும் அதற்குத் துணை நிற்க வேண்டும். இலண்டனில் 96 பேரிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. ஒவ்வொருவரும் எளிய செயல் ஒன்றைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஒரே தருணத்தில் நாள்தோறும் செய்து வந்தனர். அச்செயல் தானாகவே நிகழும் நிலையை எய்த நடுநிலை அளவாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகுமென மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. பத்தாம் நாளில் மனம் தளர்வோர்க்கும், ஒரு நாள் விட்டுப்போனதும் முயற்சியையே கைவிடுவோர்க்கும் இது நல்ல செய்தி.

இதன்படி, அலுவலர் ஒருவர் தம் நாளில் மூன்று தருணங்களைத் தேர்ந்து கொள்ளலாம். இருக்கையில் அமர்ந்து முதல் கோப்பைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் என்பது முதலாவது. அந்நேரம் செல்பேசி மேசை இழுப்பறையில் இருக்கட்டும். முதுகு நிமிர்ந்திருக்க, மூச்சு வந்து போவதைக் கவனித்திருந்தால் போதும். மனம் வேறிடம் செல்லும். சென்றதை அறிந்ததும் மீண்டும் மூச்சிற்குத் திருப்ப வேண்டும். மனம் ஓடுவது தோல்வி அன்று. ஓடியதை உணர்ந்து திருப்புவதே பயிற்சி. மூச்சு மெதுவாகி நீளும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புகள் தூண்டப்படுகின்றன என உடலியல் கூறுகிறது. சினம் மூண்டவர் ஆழ மூச்சு விடட்டும் என்று வீட்டுப் பெரியோர் கூறியதற்கும் இதுவே அடிப்படை.

ஒரு மனுதாரர் வெளியே சென்று அடுத்தவர் உள்ளே வருவதற்கு இடையில் உள்ள அரை நிமிடம் இரண்டாவது. முன்னவர் விட்டுச் சென்ற எரிச்சலைப் பின்னவர் மீது இறக்கி வைக்காமல் காப்பது இந்த அரை நிமிடமே. கடுமையான குறிப்பு ஒன்றை எழுதிய பின், கையொப்பமிடும் முன் கொள்ளும் இடைவெளி மூன்றாவது. விதிகள் இடந்தருமாயின் அக்குறிப்பு மறுநாள் காலை வரை காத்திருக்கலாம். குறளில் 'வெகுளாமை' ஓர் அதிகாரமாகவும் 'தெரிந்துசெயல்வகை' மற்றோர் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. அலுவலர் வாழ்வில் இவ்விரண்டும் கையொப்பமிடும் அந்தக் கணத்தில் ஒன்று சேர்கின்றன.

அரசும் இதற்கு ஓரளவு இடமளித்துள்ளது. பணியிடத்திலேயே செய்யத்தக்க 'ஒய்-பிரேக்' என்னும் ஐந்து நிமிட யோகப் பயிற்சியை ஆயுஷ் அமைச்சகம் வகுத்து, 2021இல் அதற்கெனச் செல்பேசிச் செயலியையும் வெளியிட்டது. எளிய உடலசைவுகளும் மூச்சுப் பயிற்சியும் சிறிது நேரத் தியானமும் அதில் அடங்கும்.

எல்லையும் எச்சரிக்கையும்

எந்த நன்மையையும் மிகைப்படுத்திக் கூறுவது அதற்குச் செய்யும் தீமையாகும். தியானப் பயிற்சிகள் குறித்து 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்த அறிக்கை ஒன்று 2014இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயிற்று. மனக்கலக்கமும் சோர்வும் ஓரளவு குறைகின்றன என்பதற்குச் சான்று உண்டு என்றும், மருந்து, உடற்பயிற்சி முதலியவற்றினும் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அது கூறிற்று. எனவே தீராத மனச்சோர்வு உடையவரைச் சும்மா அமர்ந்திருக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். அவர் மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண் அத்தகையோர்க்கென உள்ளது.

நிருவாகத்திற்கும் ஓர் எச்சரிக்கை தேவை. நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் மீது சுமத்திவிட்டு, அவருக்குத் தியான வகுப்பு நடத்துவது நேர்மையாகாது. காலியிடங்களை நிரப்புவதும் தேவையற்ற அறிக்கைகளைக் குறைப்பதும் மேலதிகாரிகளின் கடமை. அக அமைதி அக்கடமைக்கு மாற்றாக முடியாது.

அமைதி எல்லோர்க்கும் சமமாகக் கிட்டுவதில்லை

இங்கு ஓர் அடிப்படை உண்மையைக் கூற வேண்டியுள்ளது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2013இல் வெளியாயிற்று. கரும்பு விவசாயிக்கு வருவாயின் பெரும்பகுதி ஆண்டில் ஒரு முறை, அறுவடைக்குப் பின் வருகிறது. ஆகவே அறுவடைக்கு முன் கையில் பணம் இன்றி, கடனும் அடகுமாக அவர் காலங்கழிக்கிறார். அதே விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகள் வைக்கப்பட்டன. அறுவடைக்குப் பின் அவர்கள் தெளிவாக மேம்பட்டிருந்தனர். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. கடன் பற்றிய கவலை மனத்தின் பெரும்பகுதியை அடைத்துக் கொண்டிருந்ததும் பின்னர் அது நீங்கியதுமே வேறுபாட்டிற்குக் காரணம் என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

இம்முடிவின் பொருள் ஆழமானது. வறுமை பணத்தை மட்டும் பறிப்பதில்லை. மன அமைதியையும் பறிக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை நடைபெறுவது வழக்கம். அன்று வரிசையில் நிற்கும் விவசாயி, படிவத்தில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கலாம். ஒரு நகலை மறந்திருக்கலாம். சொல்ல வந்ததை முன்பின்னாகச் சொல்லலாம். அதை அவருடைய அறியாமை என்றோ அலட்சியம் என்றோ கொள்வது தவறு. அவர் மனம் வேறொரு கணக்கில் மூழ்கியிருக்கிறது. அமைதியாக இருங்கள் என்று அவருக்கு அறிவுரை கூற எவருக்கும் உரிமையில்லை. மேசைக்கு இப்புறம் மாதச் சம்பளத்துடன் அமர்ந்திருப்பவருக்கே அமைதி எளிதாகக் கிட்டும். கிட்டியவர், கிட்டாதவரின் பொருட்டு அதைப் பயன்படுத்த வேண்டும். படிவத்தைச் சுருக்குவதும், விடுபட்டதை இருந்த இடத்திலேயே கேட்டு நிரப்புவதும், உரிய தொகை காலத்தே கிடைக்கச் செய்வதும் மற்றொரு மனிதருக்கு அமைதியை வழங்கும் செயல்களே.

1947 ஆகஸ்டில் காந்தியடிகள் எழுதித் தந்த குறிப்பொன்று பள்ளிப் பாடநூல்களிலும் அச்சிடப்பட்டு வருகிறது. ஐயம் எழும்போது, கண்ட மனிதர்களுள் மிக ஏழையானவரின் முகத்தை நினைவுகூர்ந்து, எடுக்கவிருக்கும் நடவடிக்கை அவருக்குப் பயன்படுமா எனத் தன்னையே வினவிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு முகத்தை நினைவுகூர்வதற்கு மனம் சிறிது நேரமாவது நிற்க வேண்டும். நிற்காத மனத்தில் எம்முகமும் தோன்றுவதில்லை.

ஜனவரி 30ஆம் நாளின் இரண்டு நிமிடம் முடிந்து, மீண்டும் சங்கு ஒலித்ததும் நாற்காலிகள் இழுபடுகின்றன, பேச்சொலி எழுகிறது. தாழ்வாரத்து முதியவர் அங்கேயேதான் இருக்கிறார். மறுநாள் சங்கு ஒலிக்காது. சங்கொலி இன்றியே ஓர் அலுவலர் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, பின் கதவைத் திறந்து அம்முதியவரை முதலில் உள்ளே அழைப்பாராயின், அந்த அமைதி தன் பயனை எய்திவிட்டது எனக் கொள்ளலாம்.