அவர்கள் எங்கே போனார்கள்? – நகர மேம்பாட்டுப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் கூட்டம் இது. ஆகவே இரு சாராருக்கும் பயன்படும் ஒரு பொருளைப் பேசலாம் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில், ஆங்கிலேயர் ஆட்சியில் நகரங்கள் அடைந்த மாற்றங்களைப் பற்றிப் படிக்கிறோம். துறைமுகம், கோட்டை, இரயில் பாதை, மாநகராட்சி என்று வரிசையாகச் சொல்லி, ஒரு மதிப்பெண் வினாக்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட முடியும். ஆனால் அந்தப் பாடத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். "சாலை போடுவதற்காக வீடுகளை இடித்தார்கள் என்று படிக்கிறோமே, அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?"

இந்தக் கேள்விக்கு விடை தேட மிகப் பொருத்தமான ஊர் பம்பாய். இந்தியாவில் நகர மேம்பாடு என்ற பெயரில் தனி அமைப்பு முதலில் உருவானது அங்கேதான்.

கொள்ளை நோயும் ஒற்றை அறை வீடுகளும்

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குப் பகுதியான மாண்ட்வியில் பிளேக் நோய் இருப்பதை டாக்டர் வியேகஸ் என்ற மருத்துவர் கண்டறிந்தார். நோய் பரவியதும் இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1891 கணக்கெடுப்பில் சுமார் 8.21 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1901இல் சுமார் 7.76 இலட்சமாகக் குறைந்தது. வளர்ந்துகொண்டே வந்த நகரம் ஒன்று பத்தாண்டில் சுருங்கியது என்றால் பாதிப்பின் அளவை நாம் புரிந்துகொள்ளலாம்.

1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. கொரோனாக் காலத்தில் நாம் கேள்விப்பட்டோமே, அதே சட்டம்தான். அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். வீட்டுக்குள் வெயில் பட வேண்டுமென்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள், தடுப்புச் சுவர்களைப் பெயர்த்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்பதற்கு அடையாளமாக 'யு.எச்.எச்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சில வீடுகளின் மேல் எழுதினார்கள்.

அந்த வீடுகள் எப்படி இருந்தன? பம்பாய்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வாழ்ந்தது 'சால்' எனப்படும் மாடிக் கட்டடங்களில். நீண்ட நடை, அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவான கழிப்பிடம். 1901 கணக்கெடுப்பின்படி நகர மக்களில் 80 விழுக்காட்டினர் ஒற்றை அறை வீடுகளில் இருந்தார்கள். ஓர் அறைக்குச் சராசரியாக நான்கைந்து பேர். பஞ்சாலைத் தொழிலாளர்களில் 90 விழுக்காட்டினர், ஆலைக்குப் பதினைந்து நிமிட நடைத் தூரத்துக்குள் இருந்த கிரண்காவ் பகுதியில் வாழ்ந்தார்கள். இந்தப் பதினைந்து நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மேம்பாட்டு டிரஸ்ட் செய்த பணி

1898இல் தனிச் சட்டம் இயற்றிப் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தார்கள். நெரிசலான பகுதிகளை இடித்துச் சீரமைப்பது, புதிய சாலைகள் போடுவது, நகரின் வடக்கே புதிய குடியிருப்புகளை உருவாக்குவது, தொழிலாளருக்கு வீடு கட்டுவது ஆகியவை அதன் பொறுப்புகள். நாக்பாடாவில் முதல் திட்டம் தொடங்கியது. மேற்கேயிருந்து கடற்காற்று ஊருக்குள் வர வேண்டும் என்பதற்காக இளவரசி வீதி, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை ஆகியவற்றை நெரிசலான பகுதிகளை வெட்டிக்கொண்டு போட்டார்கள்.

இங்கே அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. காற்றும் வெளிச்சமும் இல்லாத இடத்திலிருந்துதான் நோய் பிறக்கிறது என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. பிளேக் கிருமியை எர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி மூலம் நோய் பரவுகிறது என்று சைமண்ட் 1898இல் கராச்சியில் கண்டார். ஆனால் அந்தக் கருத்தை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் வீடுகளை இடிக்கும் பணி வெகுதூரம் போய்விட்டது. காற்றும் வெளிச்சமும் வீட்டுக்கு நல்லவைதாம், அதில் ஐயமில்லை. ஆனால் நெரிசலும் தானியக் கிடங்கும் எலியும் சேருமிடத்தில் நோய் வரும். நெரிசலை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் தள்ளினால் நோயும் கூடவே போகும்.

நடந்தது அதுதான். 1918 வரை டிரஸ்டின் திட்டங்களால் வீடிழந்தவர்கள் 64,000 பேர். மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் 14,000 பேர். மீதி 50,000 பேர். இந்தக் கழித்தல் கணக்கை நாம் சொல்லாமல், கரும்பலகையில் மாணவரையே போடச் சொல்லுங்கள். விடை வந்ததும் நம் கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் எங்கே போனார்கள்?

பலரும் பக்கத்துத் தெருக்களுக்கே போனார்கள். வடக்கே காற்றோட்டமான இடம் இருந்தும் போகவில்லை. ஏன்? பதினைந்து நிமிட நடையில் வேலை. கடனுக்கு அரிசி தரும் கடைக்காரர். ஊர்க்காரர்கள், உறவினர்கள். மூட்டை தூக்குபவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இவற்றை விட்டுவிட்டு வண்டிச் செலவு செய்து போய்வரக் கட்டுப்படியாகாது. அதனால் ஏற்கெனவே நிரம்பியிருந்த வீடுகள் இன்னும் நிரம்பின, வாடகையும் ஏறியது. வீடு இடிபட்டதற்கான இழப்பீடு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரியவருக்குப் போனது. வாடகைக்கு இருந்தவருக்கு எதுவும் இல்லை. 1918இல் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, வீட்டு உரிமையாளர்கள் பலர் வாடகைக்கு விடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். தட்டுப்பாடு இன்னும் கூடியது.

டிரஸ்ட் நல்லது எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தாதர், மாதுங்கா பகுதிகளைத் தோட்டமும் அகன்ற வீதியுமாகத் திட்டமிட்டு உருவாக்கியது அதுதான். அலுவலக வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பிற்காலத்தில் மாதுங்காவில் நிறையக் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே 1932இல் தொடங்கப்பட்டது. ஆனால் மாண்ட்வியிலும் நாக்பாடாவிலும் வீடிழந்தவர்கள் வேறு, மாதுங்காவில் வீடு பெற்றவர்கள் வேறு. நம் கேள்வி அந்த வேறுபாட்டைத்தான் காட்டுகிறது.

ஒரு வாடகை அறையின் மதிப்பு

டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் ஒன்று பரேலில் இருக்கிறது. அதில் அண்ணல் அம்பேத்கரின் குடும்பம் 1912 முதல் சுமார் இருபது ஆண்டுகள் வாழ்ந்தது. இரண்டே இரண்டு சிறிய அறைகள். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அவர் புறப்பட்டதும், படித்துவிட்டுத் திரும்பி வந்ததும் அந்த வீட்டில் குடும்பம் இருந்த காலத்தில்தான்.

தனியார் சால்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு இடம் கிடைப்பது அரிது. தகரமும் ஓலையும் மூங்கிலும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டவர்கள் பலர். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பிறகும், 1917இல் பரோடாவில் வேலையில் சேர்ந்த அம்பேத்கருக்குச் சாதியின் காரணமாகத் தங்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்த விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, அந்த வேலையையே விட்டு வரும்படி ஆயிற்று. இதையும் சேர்த்துச் சொன்னால், பொது அமைப்பு ஒன்று கட்டித் தரும் சிறிய அறைக்கு என்ன மதிப்பு என்பது மாணவருக்கு விளங்கும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் பம்பாய் வளர்ச்சித் துறை தொடங்கப்பட்டது. ஐம்பதாயிரம் தொழிலாளர் வீடுகள் கட்டுவது இலக்கு. அதற்காக நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரி போட்டார்கள். வோர்லி, நய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்துக்கு 80 அறைகள், ஆக ஏறக்குறைய பதினாறாயிரத்து ஐந்நூறு வீடுகள். இலக்கில் மூன்றில் ஒரு பங்கு.

கட்டிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நகரத்தில் வீட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்தும், வோர்லிக் கட்டடங்களில் நெடுநாள் ஆள் வரவில்லை. ஆலைகளிலிருந்து தொலைவு, கட்டுப்படியாகாத வாடகை, கடைகண்ணி போன்ற வசதிகளும் குறைவு. பிறகு சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் அந்தக் கட்டடங்களில் சிலவற்றைத் தற்காலிகச் சிறையாகப் பயன்படுத்தினார்கள். குடும்பங்களுக்காகக் கட்டியது கைதிகளுக்கு ஆயிற்று. வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல, அதிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போகிற வழியும் சேர்ந்ததுதான் என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று மாணவர் கேட்கக்கூடும். அதற்கும் அந்தக் காலத்திலேயே ஒரு பதில் உண்டு. பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1914இல் இந்தியா வந்து, தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட நம் ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து 1915இல் அறிக்கை தந்தார். தெருவை நேராக்குவதற்காக வரிசை வரிசையாக இடிக்க வேண்டாம், மிகவும் பழுதான சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திறந்தவெளியாக்குங்கள், மரம் நடுங்கள், கிணற்றையும் குளத்தையும் சுத்தப்படுத்துங்கள் என்பது அவர் வழி. செலவும் குறைவு, மக்களும் தங்கள் இடத்திலேயே இருப்பார்கள்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

முதலாவது, தொடக்க வகுப்புகளுக்கு. வளர்ச்சித் துறை கட்டிய வீட்டின் பரப்பு சுமார் 160 சதுர அடி. பள்ளி வராந்தாவிலோ மைதானத்திலோ 16 அடி நீளம், 10 அடி அகலத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஐந்து மாணவரை உள்ளே நிற்க வையுங்கள். அடுப்பு எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, படிப்பது எங்கே, படுப்பது எங்கே என்று அவர்களே முடிவு செய்யட்டும். பரப்பளவும் இதில் அடங்கிவிடும்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு. டிரஸ்டின் தலைவராக இருந்த ஆர் என்பவர் 63½ பாகை விதியை வலியுறுத்தினார். ஓர் அறையின் சுவர் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் 63½ பாகைக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு ஏறக்குறைய 2. அதாவது எதிரில் 40 அடி உயரக் கட்டடம் இருந்தால் இடையே குறைந்தது 20 அடி வெட்டவெளி வேண்டும். அதையே 45 பாகை என்று வைத்தால் 40 அடி விட வேண்டும். எந்த விதியில் வெளிச்சம் அதிகம், எந்த விதியில் வீடுகள் அதிகம் என்று விவாதிக்கச் சொல்லுங்கள். முக்கோணவியல் எதற்கு என்று பிள்ளைகள் பிறகு கேட்க மாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பாடத்தை நடத்தும்போது, "உன் வீட்டில் எத்தனை அறை?" என்று எந்த மாணவரையும் வகுப்பில் எழுப்பிக் கேட்காதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் ஒற்றை அறை வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். பம்பாய் அறையைப் பற்றிப் பேசினாலே போதும், தன் வீட்டைப் பற்றிச் சொல்ல விரும்பும் பிள்ளை தானாகவே சொல்லும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும் உரியது. இன்றும் ஆற்றங்கரையிலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் குடும்பங்கள் வேறிடம் மாறுகின்றன. சில நேரங்களில் கல்வியாண்டின் நடுவிலேயே மாறுகின்றன. என் வகுப்புக்கும் அப்படி அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் பிள்ளைகள் வந்து சேர்ந்ததுண்டு. புத்தகம் பழைய வீட்டிலேயே போயிருக்கும். அப்பா விடியுமுன் பழைய இடத்துக்கே வேலைக்குக் கிளம்பியிருப்பார். அவர்கள் வந்து சேர்ந்ததால் நமக்குத் தெரிகிறது. வந்து சேராத பிள்ளையோ எமிஸ் பொதுத் தொகுப்பில் ஒரு பெயராக நின்றுவிடும். மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று எண்ணாமல், எந்தப் பள்ளியில் சேர்ந்தாய் என்று பெற்றோரின் கைப்பேசிக்கு ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். சேரவில்லை என்றால் அந்தப் பகுதியின் பள்ளித் தலைமையாசிரியருக்குத் தகவல் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசலாம்.

அன்று அந்த ஐம்பதாயிரம் பேரில் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்? அவர்களை நாம் தேட முடியாது. ஆனால் நம் வருகைப் பதிவேட்டில் இருந்த பிள்ளை எங்கே போனது என்று தேட முடியும். அதை நம்மால் செய்ய முடியும், செய்ய வேண்டும்.