ஓதியதும் எழுதியதும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இஸ்லாமிய வேதத்தின் பொருளை இக்காலத்தில் எப்படி அறிவது என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்திருக்கிறோம். பனியன் தைத்துப் பிழைக்கும் இவ்வூராருக்கும் அரபு வேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஒரு புஸ்தகத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. அவ்வதிகாரம் நாலு பேர் கையில் சிக்கிக்கொண்டால், அதன் பலனை அனுபவிப்பவர்கள் பாமர மக்களும், முக்கியமாய்ப் பெண்மக்களுமே ஆவார்கள்.

முதலாவது, குர்ஆன் என்பது காதால் கேட்கப்பட்ட பேச்சு. அப்பெயருக்கே ஓதுதல் என்றுதான் பொருள். நபியவர்கள் சுமார் 610 முதல் 632 வரை, மக்காவிலும் மதீனாவிலும் அவ்வப்போது நேர்ந்த சங்கதிகளையொட்டி, ஜனங்களுக்கு ஓதிக் காட்டியது அது. உதுமான் அவர்கள் கலீபாவாயிருந்தபோது, சுமார் 650-இல், அதை ஒரே ஏடாக்கினார்கள் என்பது முஸ்லிம்கள் சொல்லும் சரித்திரமேயாகும். அவ்வேட்டில் அத்தியாயங்கள் ஓதப்பட்ட காலவரிசையில் இல்லை. பெரும்பாலும் நீளமானவை முன்னும் சிறியவை பின்னுமாக இருக்கின்றன.

பேச்சை ஏட்டில் எழுதினால் என்ன ஆகும்? கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு முடியவில்லை என்று மேஸ்திரி ஒருநாள் "நைட்டும் பாருங்கள்" என்று சொல்லுகிறார். அதை ஒருவர் நோட்டில் குறித்து வைக்கிறார். நூறு வருஷம் கழித்து அந்நோட்டை எடுத்து, "எல்லா நாளும் நைட் பார்க்கவேண்டுமென்பது மேஸ்திரி கட்டளை" என்று ஒருவர் வாதாடினால் ஒப்புவீர்களா? யார் சொன்னார், யாருக்குச் சொன்னார், எந்த அவசரத்தில் சொன்னார் என்று கேட்கமாட்டீர்களா?

இப்படிக் கேட்பது நாஸ்திகமல்ல. பஸ்ராவிலும் கூபாவிலும் இருந்த பழைய இலக்கணப் பண்டிதர்கள், வேதச் சொற்களின் பொருளை நிச்சயிக்கப் பாலைவனத்து நாடோடிகளின் பேச்சைத்தான் பிரமாணமாய்க் கொண்டார்கள். ஒட்டகம் மேய்ப்பவன் வாய்மொழியே அன்று அகராதி. அரபு இலக்கணத்தின் ஆதி நூலைச் செய்த சீபவைஹியோ பாரசீகர். ஆகவே, பேச்சுமொழியை ஆராய்ந்து வேதத்துக்குப் பொருள் காண்பது நேற்று முளைத்த வழக்கமல்ல.

இக்காலத்தில் இதை விரித்துச் சொன்னவர் எகிப்து தேசத்துப் பேராசிரியர் நஸர் ஹாமித் அபூஸைத். குர்ஆனை வெறும் ஏடாக மாத்திரம் பாராமல், உயிருள்ள பேச்சாக, எதிரிலிருப்பவர்களோடு நடந்த சம்பாஷணையாகப் பார்க்கவேண்டும் என்றார். உதாரணமாக, நான்கு மனைவியர் வரை மணக்கலாம் என்னும் 4-ஆவது அத்தியாய வசனத்தை எடுத்துக்கொள்வோம். அது அனாதைகளுக்கு நீதி செய்யமாட்டோமோ என்ற அச்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. 625-இல் நடந்த உஹது யுத்தத்தில் பலர் மாண்டு, விதவைகளும் அனாதைகளும் பெருகியிருந்த சமயம் அது. கணக்கின்றி மணந்த பழைய வழக்கத்துக்கு அது ஒரு கட்டு. அதே அத்தியாயத்தின் பிற்பகுதி, எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே சமநீதி செய்ய உங்களால் ஆகாது என்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் வரும் முடிவு என்ன? டுனீசியா தேசம் 1956-இல் பலதாரமணத்தைச் சட்டத்தாலேயே தடுத்துவிட்டது.

அபூஸைத்துக்கு வைதிகர்கள் பதில் சொன்னார்களா? வழக்குப் போட்டார்கள்! 1995-இல் கெய்ரோ நீதிமன்றம் அவரை மதத்தைவிட்டு விலகியவர் என்று தீர்மானித்து, கணவனும் மனைவியும் வேண்டாமென்று சொல்லாதிருக்கவே, அவர்கள் விவாகத்தையும் ரத்து செய்தது. அவர்கள் ஹாலந்துக்குப் போய் வாழ்ந்தார்கள். 2010-இல் அவர் காலமானார்.

நம் நாட்டிலும் இப்போர் நடந்ததுண்டு. நாச்சியார்கோயில் பா. தாவூத்ஷா அவர்கள் "தாருல் இஸ்லாம்" பத்திரிகை நடத்தி, வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஜனங்களுக்கு விளங்கும் தமிழில் இருக்கவேண்டுமென்று வாதாடி, வைதிகர்களின் தூஷணையைச் சம்பாதித்தார். அப்துல் ஹமீத் பாகவி அவர்கள் செய்த தமிழ் மொழிபெயர்ப்பின் முதல் பாகம் 1929-இல் வெளிவந்தது. ஒவ்வொரு தூதரும் அவரவர் ஜனங்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று குர்ஆனின் 14-ஆவது அத்தியாயமே சொல்லும்போது, தமிழனுக்குத் தமிழில் சொல்வது எப்படிக் குற்றமாகும்?

"ஆளுக்கொரு பொருள் சொன்னால் வேதம் என்னாவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலத்தையும், இடத்தையும், சொல்லின் அன்றைய வழக்கையும் காட்டிப் பொருள் சொல்பவனை, அதே ஆதாரங்களைக் கொண்டு பிசகு என்று ருசுப்படுத்தலாம். "நான் சொல்வதே பொருள்" என்பவனை எதைக்கொண்டு திருத்துவது?

ஒரே மூச்சில் மும்முறை தலாக் சொல்லிப் பெண்ணை வீதியில் விட்ட வழக்கம் எத்தனை தலைமுறை நடந்தது! 2017 ஆகஸ்டு 22-இல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்றது. தீர்ப்பளித்த ஐவரில் ஒருவரான குரியன் ஜோசப், குர்ஆன் வசனங்களையே ஆராய்ந்து அவ்வழக்கம் குர்ஆனுக்கே விரோதம் என்றார். அவ்வசனங்களின் பொருள் முன்பே பெண்களின் காதில் விழுந்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும்?

முஸ்லிம்களை மாத்திரம் சொன்னோம் என்று மற்றவர்கள் மகிழவேண்டாம். தன் கல்யாணத்தில் ஓதப்படும் சமஸ்கிருத மந்திரத்துக்கு அர்த்தம் தெரியாமல் தலையாட்டும் மாப்பிள்ளையும் இதே நிலைமையில்தான் இருக்கிறான்.

ஆகையால் தோழர்களே! எந்த வேதத்தின் பேரால் உங்களுக்கு எதைச் சொன்னாலும், "எங்கள் பேச்சில் சொல்லுங்கள், யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னது என்பதையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தாய்மார்களே! நீங்கள் முதலில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.